நம்னாவும் நம்ம ஊர்க் கலணையும்: வாசகர் கேள்வி பதில்

குதிரையின் முதுகும் சேணமும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மேலூர் வாசகர் கேட்ட ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம்.

கேள்வி: பழைய சேணம் ஒன்று வாங்கினேன். உடன் வந்த சீட்டில் "சேணம் 1, அங்கவடி 2, வயிற்று வார் 1, நம்னா 1" என்று எழுதியிருந்தது. நம்னா என்பது சேணத்துக்கு அடியில் போடுகிற மெத்தை என்று பொருளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். ஆங்கில அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் ஆங்கிலச் சொல் மாதிரித் தெரியவில்லையே, இது எந்த ஊர்ச் சொல்? (மேலூர் வாசகர்)

பதில்: நீங்கள் நினைத்தது சரி. ஆங்கிலேயர் இந்தியக் குதிரை லாயங்களிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. உருதுவிலும் இந்தியிலும் 'நம்தா' என்பார்கள். அதற்கு மூலம் பாரசீகத்தின் 'நமத்'. இந்த மூன்றிலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: தறியில் நெய்யாமல், ஆட்டு ரோமத்தை நனைத்து அழுத்தி உருட்டியே தகடு போல ஆக்கிய கம்பளி. நம் கடைகளில் 'ஃபெல்ட்' என்று கேட்டால் தருகிறார்களே, அந்த வகை. ஆக, சொல் பிறந்தபோது குதிரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு துணியின் பெயர். அந்தத் துணியைச் சேணத்தடியில் போட்டுப் போட்டு, துணியின் பெயரே மெத்தைக்கு ஆகிவிட்டது.

சமஸ்கிருத அகராதிகளில் 'நமத' என்ற வடிவத்தை இதே பொருளில் காணலாம். பாலியில் 'நமதக' உண்டு. அதனால் சொல்லின் உறவு பாரசீகத்தோடு நிற்கவில்லை. ரோமம் தரும் ஆடுகளும் குதிரைகளும் சேர்ந்து வாழ்ந்த வறண்ட நிலமெங்கும் அது உலவியிருக்கிறது. இன்றைக்கும் காஷ்மீரத்தில் பூவேலை செய்த தரைவிரிப்புக்கு நம்தா என்றே பெயர். ராஜஸ்தானத்து டோங்க் நகரமும் நம்தாத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே போய் 'நம்தா வேண்டும்' என்றால் தரைவிரிப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

'நம்தா' எப்படி 'நம்னா' ஆயிற்று? 'ம்' என்ற மூக்கொலியை அடுத்து வந்த 'த' தானும் மூக்கொலியாகி 'ன' ஆகிவிட்டது. பேச்சுவழக்கில் இது எங்கும் நடப்பதுதான். ஆங்கில எழுத்தில் முதல் எழுத்துக்குப் பிறகு 'யு' வருவதைப் பார்த்துச் சிலர் 'நும்னா' என்று படிக்கிறார்கள், அது தவறு. அந்தக் காலத்து ஆங்கிலேயர் நம் குறில் அகரத்தை 'யு' போட்டுத்தான் எழுதினார்கள். நம் 'கறி'யை அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள், அதே வழக்கம்தான். கடைசியில் வரும் 'எச்' எழுத்துக்கு ஒலி கிடையாது.

ஆங்கிலேயர் வாயில் புகுந்த இந்தியச் சொற்களுக்கென்றே யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886-இல் வெளிவந்தது. அதில் இந்தச் சொல் 'த' உள்ள வடிவிலும் 'ன' உள்ள வடிவிலும் பதிவாகியிருக்கிறது. தொகுத்தவர்களில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். ஆங்கிலேயச் சேணக்காரர்கள் சேணத்தின் ஓரத்தையே பின்பற்றி, சேண வடிவில் வெட்டிய மெத்தையை மட்டும்தான் நம்னா என்பார்கள். சதுரமாக, சேணத்துக்கு வெளியே நன்றாகத் தெரிகிறபடி இருந்தால் அது சேணத்துணி. இப்போது வடிவம்தான் கணக்கு. பஞ்சு வைத்துத் தைத்தாலும் ஆட்டுத்தோலில் செய்தாலும் நம்னா என்றே விற்கிறார்கள். அதனால் கடையில் பெயரைக் கேட்டு வாங்காமல், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பெயர் கம்பளியைச் சொன்னாலும் உள்ளே இருப்பது பல சமயம் வெறும் நுரைப்பஞ்சுதான்.

கேள்வி: நம் பழைய இலக்கியத்தில் குதிரை ஏராளமாக வருகிறது. சேணத்துக்கும் அதன் மெத்தைக்கும் தமிழில் சொந்தப் பெயர் இல்லையா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: சேணத்துக்குப் பெயர் நிறையவே உண்டு. சங்க இலக்கியத்தில் 'பருமம்' இருக்கிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் கடைசிப் பகுதியில், பாண்டியன் நெடுஞ்செழியன் போர்ப் பாசறையில் நள்ளிரவில் நடந்து வருகிறான். வாடைக்காற்றும் தூறலும். சேறான தெருவில் பருமம் களையாத குதிரைகள் மேலே விழும் துளிகளை உடம்பை உதறிச் சிதறடிக்கின்றன. 'பருமம் களையா' என்ற இரண்டே சொல்லில் எந்த நேரமும் படை கிளம்பலாம் என்ற நிலைமையைப் புலவர் சொல்லிவிடுகிறார். குதிரை வளர்ப்பவர் கண்ணுக்கு இன்னொன்றும் தெரியும். நனைந்த முதுகில் இரவு முழுக்கச் சேணம் கிடந்தால் தோல் ஊறிப்போகும். மறுநாள் சவாரியில் அந்த இடம்தான் முதலில் உரியும். போர்க்காலத்தில் வேறு வழியில்லை. நமக்கு அந்த அவசரம் கிடையாது.

பிற்காலத்தில் 'கலணை', 'பல்லணம்' இரண்டும் பெருவழக்கு. பல்லணம் என்பது சமஸ்கிருதத்துப் 'பர்யாண' பிராகிருதத்தில் 'பல்லாண' ஆகி நம்மிடம் வந்தது. பாரசீகத்தின் 'ஜீன்' தமிழில் 'ஜீனி' என்றும் 'சீனி' என்றும் நுழைந்தது. லகான், சவாரி இரண்டும் அதே கூட்டம்தான். குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் கப்பலில் வந்தன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் ஆண்டுதோறும் ஏராளமாகக் குதிரை வாங்குவதையும், சரியாகப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதையும், நரி பரியான கதையும் மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குதிரை வந்த வழியிலேயே அதன் சாமான்களின் பெயரும் வந்தன.

இனி மெத்தைக்கு வருவோம். திருப்புகழில் முருகனின் மயிலைக் குதிரையாகவே பாவித்து, "பக்கரை விசித்ரமணி பொற்கலணை இட்டநடை" என்று அருணகிரிநாதர் பாடுகிறார். பலருக்கு மனப்பாடமான வரி. கலணை என்றால் சேணம், அதில் சந்தேகமில்லை. பக்கரை என்பதற்கு அங்கவடி என்று உரை சொல்வது வழக்கம். ஆனால் அதன் உறவுச் சொல்லான இந்தியின் 'பாகர்' குதிரைக்கும் யானைக்கும் போர்த்தும் கவசத்தைக் குறிக்கிறது. குதிரை மேல் போர்த்துவதற்கு ஒரு பழஞ்சொல் வேண்டும் என்றால் பக்கரையை எடுத்தாளலாம் என்பது எங்கள் கருத்து. பேச்சில் அதெல்லாம் வேண்டாம். மதுரைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் 'மெத்தை' என்றும் 'கம்பளி' என்றும் சொல்வது போதும், யாருக்கும் புரியும். தலைச்சுமைக்குச் சும்மாடு என்ன செய்கிறதோ அதையேதான் இதுவும் முதுகில் செய்கிறது: எடையைப் பரப்பி, ஓர் இடத்தில் குத்தாமல் பார்த்துக்கொள்கிறது.

கேள்வி: கம்பளிதான் நல்லது என்கிறார்கள். மதுரை வெயிலுக்குக் கம்பளியா? பருத்தியோ நுரைப்பஞ்சோ குளிர்ச்சியாக இருக்காதா? (திருப்பரங்குன்றம் வாசகர்)

பதில்: எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான். சேணத்தடியில் குளிர்ச்சி என்பது துணியின் குளிர்ச்சி அல்ல, வியர்வை எங்கே போகிறது என்பதே கேள்வி. கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. தோலுக்கும் மெத்தைக்கும் நடுவில் தண்ணீர் நிற்காது. பருத்தியும் உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் நனைந்து, தோலோடு ஒட்டி, மடிப்பு விழும். அரை மணி நேரச் சவாரிக்குப் பருத்தி போதும். ரப்பர் நுரை, நியோப்ரீன் வகைகள் வியர்வையையும் சூட்டையும் உள்ளேயே பூட்டிவிடும். சித்திரை வைகாசியில் அவற்றைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் முதுகு வெந்தது போல் ஆகி, ரோமக்கால்களில் சிறு கொப்புளம் கிளம்பும்.

நெய்யாத கம்பளியில் இன்னொரு நன்மை உண்டு. ஆட்டு ரோமத்தின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் இருக்கும். வெந்நீரும் சோப்பும் அழுத்தமும் சேரும்போது செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும், திரும்பப் பிரியாது. இழையும் ஊடும் பாவும் இல்லாததால் முடிச்சு இல்லை, அழுத்தினால் தோலில் வரி பதியாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி தாங்கும்.

எழுதுபொருள் கடையில் பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் வண்ண ஃபெல்ட்டை வாங்கிவிடாதீர்கள். அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பாலியெஸ்டர். ஒரு நூலைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். உருகி மணியாகத் திரண்டால் அது செயற்கை. முடி கருகும் வாடை வந்து, விரலில் நசுக்கினால் பொடியானால் கம்பளி.

கேள்வி: வீட்டிலேயே தைத்துக்கொள்ள முடியுமா? அளவும் முறையும் வேண்டும். (சோழவந்தான் வாசகர்)

பதில்: தாராளமாக முடியும். ஒரு தலையணை உறை தைக்கத் தெரிந்தவருக்கு இது கடினமில்லை. வெட்டுவதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் அளவு. பழுப்புத் தாள் ஒன்றைச் சேணத்தின் ஒரு பக்கத்தில் விரித்து, சேணத்தின் ஓரத்தைக் கரிக்கோலால் வரையுங்கள். வரைந்த கோட்டுக்கு வெளியே சுற்றிலும் இரண்டு விரற்கடை, அதாவது சுமார் 4 செ.மீ. விட்டு வெட்டுங்கள். இதைவிடக் குறைந்தால் மெத்தையின் ஓரத் தையல் சேணத்தின் அடியிலேயே மாட்டி, ஒரு கயிறு போல முதுகை அறுக்கும். வீட்டில் தைத்த மெத்தைகளில் அதிகம் காணும் குறை இதுதான்.

அடுத்து முதுகெலும்பு. ஒரே துணியை நடுவில் மடித்து இரண்டு பக்கமும் தொங்கவிடுவது வேலைக்குச் சுலபம், குதிரைக்குக் கேடு. குதிரையின் முதுகு நேர்க்கோடு இல்லை. பிடரி முடிகிற இடத்தில் மேடாக எழும்பும் (இதைத் தோள்மேடு என்று சொல்லிக்கொள்வோம்), நடுவில் சற்றுத் தாழும், இடுப்புப் பக்கம் மீண்டும் ஏறும். நேராக மடித்த துணி சேணம் ஏறியதும் தோள்மேட்டின் மேல் தோல்வார் போல இழுத்து நிற்கும். அதனால் இடப்பக்கம் வலப்பக்கம் என்று இரு துண்டாக வெட்டி, இரண்டும் சேரும் மேல்விளிம்பைக் குதிரையின் முதுகு வளைவுக்கே வெட்டுங்கள். வளைவை எடுக்க, வளைத்தால் அப்படியே நிற்கும் ஈயக் கம்பி ஒன்றைச் சேணம் உட்காரும் இடத்தில் முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் வைத்து அழுத்தி எடுத்துத் தாளில் பதியுங்கள்.

துணிக்குக் காடா நல்லது. சாதாரண நாட்டுக் குதிரைக்கு 36 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர் வாங்கினால் மேலுக்கும் அடிக்கும் சரியாக இருக்கும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசிக் காயவையுங்கள். கஞ்சிப் பசையோடு வியர்வை சேர்ந்தால் துணி அட்டை போல விறைக்கும். தவிர, காடா முதல் சலவையில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் உள்ளே இருக்கும் கம்பளி மடங்கிவிடும். அடிப்பக்கத்துக்கு வெளுத்த துணியோ பழுப்புத் துணியோதான் வேண்டும். பழைய சுங்குடிச் சேலை மெதுவாக இருக்கிறதே என்று அடியில் வைத்துத் தைக்க வேண்டாம். சாயம் வியர்வையில் இறங்கும். அதைவிட முக்கியம், வியர்வைத் தடமும் இரத்தக் கசிவும் வெள்ளைத் துணியில்தான் உடனே கண்ணில் படும்.

உள்ளே 10 முதல் 12 மி.மீ. கனமுள்ள கம்பளி ஃபெல்ட். கிடைக்காவிட்டால் ஆட்டுக் கம்பளியை இரண்டு மடிப்பாக வையுங்கள். போடி, தேனிப் பக்கம் இலவம்பஞ்சு மலிவாகக் கிடைக்கும், அதை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தலையணைக்கு அது அருமையான பஞ்சு. ஆனால் இழை உள்ளே வெற்றுக் குழாய் போன்றது, மனித எடையின் கீழ் நசுங்கி முறிந்துவிடும். சில வாரங்களில் ஓரங்களில் கட்டியாகவும் நடுவில் ஒன்றுமில்லாமலும் ஆகிவிடும். வேண்டாம்.

மூன்று அடுக்கையும் சேர்த்துச் சாய்சதுரக் கட்டங்களாகத் தையுங்கள். கோட்டுக்குக் கோடு மூன்று விரற்கடை, 5 முதல் 6 செ.மீ. இருக்கட்டும். இதைவிட அகலமானால் உள்ளிருப்பது நகரும், நெருக்கமானால் மெத்தை பலகையாகும். பருத்தி நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் சீக்கிரம் இற்றுப்போகாது. முடிச்சுகள் எல்லாம் மேல்பக்கம் வரவேண்டும். தோல் படும் பக்கம் ஒரு முடிச்சுகூடக் கூடாது. தைத்து முடித்ததும் உள்ளங்கையை அழுத்தி அடிப்பக்கம் முழுக்கத் தடவிப் பாருங்கள். உங்கள் கைக்குத் தட்டுப்படுவது எதுவோ அது குதிரைக்குக் குத்தும். ஓரத்துக்கு அகல நாடா. முன்பக்கம் சேணத்தோடு கட்ட இரண்டு நாடா, வயிற்று வார் நுழைய இருபுறமும் ஒவ்வொரு காது. இவை இல்லாவிட்டால் மெத்தை ஓடஓடப் பின்னால் நழுவிவிடும்.

போடும்போது, இருக்கவேண்டிய இடத்துக்கு நாலு விரல் முன்னால் வைத்து, பின்னோக்கி இழுத்து நிறுத்துங்கள். அப்போதுதான் அடியில் ரோமம் படியும். முன்னோக்கித் தள்ளினால் ரோமம் எதிர்த்துக் குத்திட்டு நிற்கும். சேணத்தை வைத்தபின், வார் இறுக்குவதற்கு முன், சேணத்தின் நடுவில் ஓடும் வாய்க்காலுக்குள் மெத்தையைத் தூக்கிவிடுங்கள். தோள்மேட்டுக்கும் மெத்தைக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுவதால் வரும் புண்ணே அதிகம்.

கேள்வி: என் சேணம் கொஞ்சம் இறுக்கம். இரண்டு மெத்தை போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: ஆகாது, மோசமாகும். இறுக்கமான சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவில் கனம் ஏற ஏற, இடம் இன்னும் குறையும். அகலமான சேணத்துக்கு மெத்தை ஓரளவு உதவும். குறுகலான சேணத்துக்கு எந்த மெத்தையும் உதவாது. சேணத்தை மாற்றுங்கள்.

கேள்வி: சவாரி முடிந்து சேணத்தை எடுத்தால் முதுகு முழுக்க வியர்வை, தோள்மேட்டுக்குக் கீழே மட்டும் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு காய்ந்து இருக்கிறது. நல்லதுதானே? (அலங்காநல்லூர் வாசகர்)

பதில்: நல்லதல்ல. சுற்றிலும் நனைந்து நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால், அந்த இடத்தில் அழுத்தம் மிகுந்து வியர்வைச் சுரப்பி வேலை செய்யவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். சேணம் அந்த இடத்தில் படாமல் பாலம் போல நின்றாலும் காய்ந்து தெரியும். எது என்று அறிய, வார் இறுக்கிய நிலையில் கையைத் தட்டையாக உள்ளே நுழையுங்கள். கை நெரிந்தால் அழுத்தம், தாராளமாக நுழைந்தால் இடைவெளி. நீங்கள் சொல்லும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே அளவில் என்றால், பெரும்பாலும் அழுத்தம்தான். அப்படியே விட்டால் சில மாதத்தில் அந்த இடத்து ரோமம் வெள்ளையாக முளைக்கும். நிறம் தரும் அணுக்கள் செத்துவிட்டன என்று பொருள்; அநேகமாக அது திரும்ப வராது. குதிரை வாங்கப் போகிறவர்கள் முதுகில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

நீண்ட சவாரிக்குப் பிறகு சேணத்தைச் சட்டென்று கழற்றாதீர்கள். வாரை மட்டும் இரண்டு துளை தளர்த்தி, பத்து நிமிடம் குதிரையை மெதுவாக நடத்தி, பிறகு எடுங்கள். அழுந்திக் கிடந்த இடத்தில் இரத்தம் திடீரென்று பாய்ந்தால் வீக்கம் கிளம்பும். குதிரைப்படைகளில் நெடுங்காலம் கடைப்பிடித்த முறை இது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முதுகைத் தடவிப் பாருங்கள். வீக்கம் உடனே தெரியாமல், பிறகுதான் எழும்பும்.

கேள்வி: மலையிலிருந்து எலுமிச்சையும் வாழையும் குதிரையில் இறக்குகிறோம். சாக்கில் வைக்கோல் திணித்துத்தான் மெத்தை. முதுகுத்தண்டில் புண் வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது? (சிறுமலை அடிவாரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வைக்கோல் குற்றமில்லை. பொதி மெத்தைக்கு அது நல்ல திணிப்பு. அழுந்தினால் பிரித்து மறுபடி திணிக்கலாம், குதிரையின் முதுகு வடிவத்துக்கே படியும். தப்பு வேறு இரண்டு இடங்களில் இருக்கலாம்.

ஒன்று, ஒரே சாக்கை முதுகின் குறுக்கே போடுவது. அப்போது எடை முழுவதும் முதுகெலும்பின் முனைகளில் இறங்கும். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கிடையாது. இரண்டு நீள உருளைகளாகத் தைத்து, எலும்புக்கு இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று வருமாறு, நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெற்று வாய்க்கால் விட்டு, முன்னும் பின்னும் பட்டையால் இணையுங்கள். எடை விலாவின் மேல்புறச் சதையில் இறங்கவேண்டும். பொதி ஏற்றிய பிறகும் அந்த வாய்க்கால் வழியாக முன்னிருந்து பின்னே வெளிச்சம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் வைக்கோல் அமுங்கிவிட்டது, திணிக்க நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு, சாக்கு எது என்பது. யூரியா சாக்கு போன்ற பிளாஸ்டிக் சாக்கைத் தோல் மேல் நேராகப் போடக் கூடாது. அதன் பட்டை இழை கத்தி போல அறுக்கும், காற்றும் போகாது. கோணிச் சாக்கு பரவாயில்லை, அதுவும் நேராகத் தோலில் வேண்டாம். அடியில் முதலில் ஒரு கம்பளித் துண்டு, அதன் மேல் கோணி உருளைகள். வைக்கோல் நன்றாகக் காய்ந்ததாக, கதிர்க்காம்பு முனைகள் இல்லாததாக இருக்கட்டும். ஈர வைக்கோல் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

பொதியின் சமநிலையைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு கிலோ கூடினாலும் மெத்தை மெல்ல அந்தப் பக்கம் உருண்டு, மறுபக்க உருளை எலும்பின் மேல் ஏறிவிடும். இறக்கத்தில் பொதி முன்னால் சரிந்து தோள்மேட்டில் இடிக்கும். அதைத் தடுக்கப் பின்தொடையைச் சுற்றி ஓர் அகலப் பட்டை வேண்டும். ஏற்றத்தில் பின்னால் சரியும்; அதற்கு நெஞ்சுப் பட்டை. மலையில் இரண்டும் கட்டாயம்.

எடைக்குச் சட்டமும் உண்டு. வண்டி மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், 1965-இன்படி பொதி சுமக்கும் மட்டக் குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ உச்ச வரம்பு. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. அடிவாரத்தில் கோடை மாதங்களில் இது அநேகமாகத் தினமும் பொருந்தும்.

இப்போது இருக்கும் புண்ணுக்கு: ஆறும்வரை அந்தக் குதிரைக்குப் பொதி கிடையாது. மெத்தையில் புண்ணுக்கு நேரே ஓட்டை வெட்டிவிட்டு ஓட்டுவார்கள். ஓட்டையின் விளிம்பு புண்ணைச் சுற்றி வளையமாக அழுத்தி, பெரிதாக்கிவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, அதை ஊற்றிக் கழுவுங்கள். பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வில்வாத ஜன்னி, அதாவது டெட்டனஸ், குதிரைக்கு மிகச் சுலபமாகத் தொற்றும். சிறு புண் போதும். ஆகவே தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். எலும்பு வெளியே தெரிந்தாலோ, சீழ் வைத்திருந்தாலோ, தொட்டால் குதிரை முதுகைத் தாழ்த்தி ஒடுங்கினாலோ அன்றைக்கே காட்டவேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து வணிகச் சாத்தோடு போகும் கழுதைகள் வருகின்றன. அவற்றின் வலிய முதுகில் வடு ஆழப் பதிந்திருந்தது என்று புலவர் எழுதுகிறார். அந்த வடு இத்தனை நூற்றாண்டு கழித்தும் நம் மலைப்பாதைகளில் தொடரவேண்டியதில்லை. ஒரு கம்பளித் துண்டுக்கும் இரண்டு உருளைக்கும் ஆகும் செலவு பெரிதல்ல.

கேள்வி: பந்தயக் குதிரை வண்டிக்கும் இந்த மெத்தை வேண்டுமா? (அவனியாபுரம் வாசகர்)

பதில்: சேண மெத்தை வேண்டாம். வண்டிக் குதிரை இழுப்பது நெஞ்சாலும் தோளாலும். முதுகில் வருவது ஏர்க்கால்களைத் தாங்கும் குறுகிய பட்டை மட்டும். அதன் அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் கம்பளி வைத்தால் போதும். நெஞ்சுப் பட்டையின் உள்பக்கத்தைத்தான் கவனிக்கவேண்டும். புண் அங்கேதான் வரும்.

கேள்வி: மெத்தையை எப்படித் துவைப்பது? ஒருமுறை வெந்நீரில் போட்டேன், பாதியாகச் சுருங்கிவிட்டது. (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: கம்பளியைத் தகடாக்குவதே வெந்நீரும் சோப்பும் கசக்குவதும்தான் என்று மேலே சொன்னோம். நீங்கள் அதை மறுபடியும் செய்திருக்கிறீர்கள். சுருங்கியது விரியாது.

தினமும் துவைக்கத் தேவையில்லை. சவாரி முடிந்ததும் அடிப்பக்கம் மேலே தெரிய நிழலில் கயிற்றில் போட்டு, காய்ந்தபின் விறைத்த பிரஷ்ஷால் உப்பையும் ரோமத்தையும் தட்டி எடுங்கள். வியர்வை உப்பு அப்படியே தங்கினால் துணி மணற்காகிதம் போல உராயும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் கைப்பிடிப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரையில் முக்கி, அழுத்தி எடுத்து, மூன்று தண்ணீர் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். சலவைச் சோடா கம்பளியை அரிக்கும். சோப்புத் தூள் எச்சம் வியர்வையோடு சேர்ந்து அரிப்பைக் கிளப்பும்.

வேலியில் காயப்போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சீமைக்கருவேல முள் ஒன்று கம்பளிக்குள் ஒடிந்து நின்றால் வெளியே தெரியாது. சேணம் ஏறி ஆள் உட்கார்ந்ததும்தான் குதிரைக்குத் தெரியும். தரையில் போட்டால் நெருஞ்சி. ஒவ்வொரு முறை போடுமுன்னும் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போடுங்கள்.

ஒரு குதிரையின் மெத்தையை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. ரோமம் வட்ட வட்டமாக உதிரும் படை நோய் மெத்தை வழியாகவே லாயம் முழுக்கப் பரவும், மனிதருக்கும் ஒட்டும். லாயத்தில் ஒரு குதிரைக்குப் படை வந்திருந்தால் அதன் காடா உறையைப் பிரித்துக் கொதிநீரில் போடுங்கள். உள்ளே இருக்கும் கம்பளியைக் கொதிக்கவைக்க முடியாது என்பதால், அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துத் தைப்பதுதான் வழி.